உன் மகள் கேட்டது சரியான கேள்வி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குச் சோம்பலைக் குறை சொல்லாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், கொஞ்ச நாள் படிக்காமல் எழுதாமல் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கட்டு அவிழ்த்ததும் என்னைத் திகைக்க வைத்தது நீல நிறம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டிவிடும் என்று வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! என் கண்ணிலேயே அது நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் அதே வெள்ளைச் சுவர் இரண்டு நிறமாகத் தெரிகிறது. நாள் முழுக்க இதுதான் எனக்கு விளையாட்டு.

சரி, உன் மகள் விஷயம். வாலிபர் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் பெருவெடிப்பின் படத்தையும் உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்றாராம். இவள் எழுந்து, "பெருவெடிப்புக்கு முன்னாலும் ஏதோ இருந்தது என்று நாளைக்கு யாராவது காட்டிவிட்டால் சபையை மூடிவிடலாமா?" என்று கேட்டாளாம். அது அகந்தையின் கேள்வி என்று அவர் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் ஆராதனைக்கு வருவதில்லை. "நீ இயற்பியலும் வேதமும் படித்தவன், அவளுக்கு எடுத்துச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். எடுத்துச் சொல்லவேண்டிய ஆள் அவள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவள் கேட்டதை அவளுக்கு முன்பே யோசித்து வைத்தவர் ஒரு பாதிரியார். ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்துக்காரர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து, 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்தே அண்டம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்கிற மாதிரி ஐன்ஸ்டைன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1931-இல் நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் அவருடைய சின்னக் குறிப்பு ஒன்று வந்தது. அண்டம் முழுவதும் ஒரே ஒரு குவாண்டத்திலிருந்து, அதாவது பிரிக்கமுடியாத ஒற்றைச் சக்தித் துணுக்கிலிருந்து, தொடங்கியிருக்கலாம் என்றது அது. பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை அதுதான்.

அந்தக் குறிப்பின் தட்டச்சுப் பிரதியில், அச்சில் வராத ஒரு கடைசிப் பத்தி இருந்தது. கடவுள் இயல்பிலேயே மறைந்திருப்பவர், இன்றைய இயற்பியல் படைப்பின்மேல் ஒரு திரை போடுவதைப் பார்த்து விசுவாசி சந்தோஷப்படலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார். அனுப்புமுன் அதை அவரே அடித்துவிட்டார். நம் பேச்சாளராக இருந்தால் அந்த ஒரு பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்திருப்பார். (கிண்டல்தான், மன்னித்துக்கொள்.)

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) ஓர் உரையில், "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற வசனத்துக்கு விஞ்ஞானம் சாட்சியாக நிற்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார். லெமைத்ர் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பதே கடைசிவரை அவர் நிலை. வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் போன்றவர்கள் இதில் ஆதியாகம வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் வேறு. அடுத்த வருஷம் வானியலாளர்கள் ரோமில் கூடியபோது போப் மறுபடியும் பேசினார். அந்த ஒப்பீடு அதில் வரவில்லை.

லெமைத்ர் தன்னடக்கத்தால் மட்டும் இப்படி இருந்தார் என்று நினைக்காதே. அதன் பின்னால் பழைய தத்துவம் ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளருக்கும் இதே தலைவலி வந்தது. உலகம் அநாதியானது, தொடக்கமே இல்லாதது என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார், அது பல்கலைக்கழகங்களில் பரவிக்கொண்டிருந்தது. அக்வினாஸ் என்ன செய்தார் தெரியுமா? உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை வேதத்தை நம்பி ஏற்கிறேன், அதைத் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்று எழுதிவைத்தார். அரைகுறை நிரூபணம் காட்டினால் அவிசுவாசிகள் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார். உன் மகள் சிரித்தாளா என்று நீ எழுதவில்லை.

பழைய திருச்சபை ஆசான் அகஸ்டின் வழியாக அவர் எடுத்துக்கொண்ட ஓர் உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பாதம் அநாதி காலமாகப் புழுதியில் பதிந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள். அதன் கீழே இருக்கும் சுவடும் அநாதிதான். ஆனாலும் அது பாதத்தால் உண்டான சுவடு. பாதத்தை எடுத்துப் பார், அடுத்த காற்றில் சுவடு போய்விடும். படைப்பு என்பது என்றோ ஒரு நாள் திரி கொளுத்திய சங்கதி என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நொடியில் உலகம் எதன்மேல் நிற்கிறது என்பதே அவருடைய கேள்வி. பெருவெடிப்புக்கு முன்னால் இன்னொரு அண்டம் இருந்தது என்று நாளைக்கே நிரூபித்தாலும் சுவடு கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் உன் மகள், "அப்படியானால் எதைக் காட்டினாலும் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்க முடியாது, அப்புறம் அதற்கு என்ன மதிப்பு?" என்பாள். நியாயம். 1948-இல் வானொலியில் காப்பிள்ஸ்டன் என்ற யேசுசபைக் குரு கடவுள் உண்டு என்று வாதாடியபோது, அண்டம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று தத்துவவாதி ரஸ்ஸல் முடித்துவிட்டார். அதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பதில் போதவில்லை, அவருக்குப் போதுமாக இருந்தது. இந்த இடத்தில் தொலைநோக்கி எங்கள் இருவருக்குமே உதவாது.

விடுதி அறையில் விடிய விடிய நான் கண்ணை வைத்து வாதாடியது நினைவிருக்கிறதா? "இவ்வளவு நுட்பமான கருவி தானாக வருமா?" என்று மேசையைத் தட்டுவேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு மாணவன் உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சின்னக் குழி மட்டும், நாட்டிலஸ் என்ற கடல் உயிரிக்கு லென்ஸே இல்லாத ஊசித்துளைக் கண், கடல் நீர் உள்ளே போய்வரும். படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றன. உன்னிடம்கூட அப்போது சொல்லவில்லை, ஒரு வருஷத்துக்கு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கடவுளைக் கொண்டுபோய் என் அறியாமையில் குடிவைத்திருந்தேன். புத்தகம் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பத் திரும்ப அவருக்கு இடம் குறுகிக்கொண்டே வந்தது.

நாஜிகள் சிறைவைத்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1944 மே மாதம் சிறையிலிருந்து எழுதியதை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். இயற்பியல் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டே எழுதியது. நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தாதே, தெரியாததில் தேடாமல் தெரிந்ததில் அவரைக் கண்டுகொள் என்கிறார். அதுவும் ஒரு நண்பனுக்கு எழுதிய கடிதம்தான்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் நான் பேசிய கடவுளை ஒரு யூதரோ முஸ்லிமோ அப்படியே ஏற்றுக்கொள்வார். நம் விசுவாசம் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் ஒருவர் சிலுவையில் அடிக்கப்பட்டு உயிர்த்தெழுந்தார் என்பதில் தொங்குகிறது. அது சாட்சிகளை நம்புவதா வேண்டாமா என்கிற விவகாரம், சமன்பாட்டில் வராது. காற்றழுத்தத்தையும் நிகழ்தகவையும் ஆராய்ந்த பாஸ்கல், 1654-இல் ஒரு நவம்பர் இரவில் "தத்துவவாதிகளின் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுள்" என்று எழுதி, அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். இறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அவர் அதை யாருக்கும் திரையில் போட்டுக் காட்டவில்லை.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் அம்மா போய் இரண்டு வருஷம்தானே ஆகிறது? டார்வினின் நம்பிக்கையை இயற்கைத் தேர்வு கரைத்துவிட்டது என்று பேசுகிறோம். 1851-இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்ததும் அதில் சேர்த்தி என்றே நினைக்கிறேன். உயிரோடிருக்கும் கம்பளிப்பூச்சியை உள்ளிருந்து தின்னும் குளவியை, அன்புள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே என்பவருக்கு எழுதினார். பெருவெடிப்பைவிட அந்தக் குளவிதான் என்னைத் தூங்கவிடாது. அதற்கு அக்வினாஸிடமும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அடக்கத்தன்று ஆளாளுக்கு "எல்லாம் தேவ சித்தம்" என்றபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நானும் அதைத்தான் சொன்னேன்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வாரம் அவளை இங்கே அனுப்பேன். பழைய தொலைநோக்கியை யாரும் தொடுவதில்லை, சும்மா கிடக்கிறது. ஆராதனைக்கு வா என்று அதுவரை வற்புறுத்தாதே. ஒன்று மட்டும் கேட்டுப் பார்: அந்தப் பேச்சாளர் அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருந்தால் அவள் அடுத்த வாரமும் போயிருப்பாள்? அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்