காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த, காது கேளாதோருக்கு உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1957-இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேவும் செவி நரம்பில் மின்சாரம் பாய்ச்சியதில் தொடங்கி, 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைக் கருவியைப் பொருத்தியது வரை அருமையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் உட்காதின் மறுபாதியான, உடலின் சமநிலையைக் காக்கும் பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குக் கடுமையான நோய்த்தொற்று. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தபின் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்துவிடுவார். நடந்துகொண்டே பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாது. எழுத்துகள் குதிக்கும், நின்றால்தான் அடங்கும். பித்தம் என்றார்கள், ரத்தசோகை என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள். காது நன்றாகக் கேட்டதால் காதைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. உண்மையில் அந்த ஊசி உட்காதின் சமநிலைப் பகுதியைப் பாதித்திருந்தது.

இந்தப் புதிருக்கான விடை 1820-களிலேயே கிடைத்துவிட்டது. பிரான்சில் ஃப்ளோரான்ஸ் என்ற ஆய்வாளர் புறாக்களின் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது. ஆனால் தலை ஓயாமல் ஆடியது, பறக்க முடியவில்லை. பிறகு வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் போதிய சூடாக இல்லாதபோதுதான் சுற்றுகிறது என்று ஒரு நோயாளி சொல்ல, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே சமநிலையைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

ஜென்டாமைசின் வகையைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் சமநிலையை இழந்த ஒரு மருத்துவர் 1952-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் தன் அனுபவத்தை எழுதினார். நாடித் துடிப்புக்கே எழுத்து ஆடுமாம். கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கிவைத்துத்தான் புத்தகம் படித்திருக்கிறார். அதைப் படித்தபோது அம்மாவின் பேச்சை மூன்று மாதம் நாங்களே நம்பாமல் இருந்தது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

இப்போது சமநிலைக்கும் கருவி வந்துகொண்டிருக்கிறது. தலையின் அசைவை உணர்ந்து நரம்புக்கு மின்துடிப்பாக அனுப்புகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எட்டுப் பேருக்குப் பொருத்திய முடிவுகளை 2021-இல் வெளியிட்டார்கள். நடை தேறியது; ஆனால் பொருத்திய காதில் கேட்கும் திறன் குறைந்தது. கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் ஒரே எலும்புக்குள், ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொண்டு இருப்பவை அல்லவா?

இந்தக் கருவி நம் ஊருக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை, இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஜென்டாமைசின் ஊசி போட்டுக்கொள்பவர் இருட்டில் தடுமாறினாலோ, நடக்கும்போது எழுத்து குதிக்கிறது என்றாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அதில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்