ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நலம் பக்கத்தில், 'ரத்தத்தில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் வைட்டமின் ஈ காக்கிறது. தினம் ஒரு மாத்திரை போட்டால் மாரடைப்பு அண்டாது' என்று வந்திருந்தது. முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாம் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மறுநாள் ஷட்டரைத் தூக்குவதற்குள் ஒரு பெரியவர் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 400 மில்லிகிராமில் இரண்டு அட்டை வேண்டுமாம். இதய வால்வு மாற்றியவர்; ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அதோடு இவ்வளவு வைட்டமின் ஈ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும், டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கான், உனக்கு என்ன தம்பி?" என்றார். விற்றிருந்தால் எனக்கு லாபம்தான்.

எல்டிஎல் என்கிற 'கெட்ட' கொழுப்பைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் தாமிர உப்பைச் சேர்த்தால், அதிலுள்ள வைட்டமின் ஈ தீரும்வரை கொழுப்பு கெடாமல் தாக்குப்பிடிக்கும். உண்மை. உடம்புக்குள்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 2000 யூனிட் வரை கொடுத்துப் பார்த்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஏறியது. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்துக்குச் சிறுநீரில் தெரியும் தடயங்கள் குறையவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 'ஹோப்' ஆய்வில் இதய நோய் அபாயம் உள்ள 9,500க்கும் மேற்பட்டோரில் பாதிப்பேருக்குத் தினம் 400 யூனிட் வீதம் சுமார் நாலரை ஆண்டு கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. 2011இல் 'செலக்ட்' ஆய்வு, இதே 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாகச் சொன்னது. 1996இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது வாஸ்தவம். உங்கள் கட்டுரையாளர் அந்த வருடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

அந்த கேப்சூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவிக்கொள்ளும் பெண்களும் வருகிறார்கள். அவர்களிடம் நான் வம்புக்குப் போவதில்லை. ஆனால் போன வருடம் இதே பக்கத்தில், கருஞ்சீரகம் சர்க்கரையை அடியோடு விரட்டும் என்றீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். அப்போதும் விவரமாகக் கடிதம் எழுதினேன். போடவில்லை. அந்த வாரம் வாசகர் கடிதங்களில், தங்கள் ராசிபலன் அப்படியே பலிக்கிறது என்று ஒருவர் பாராட்டியிருந்தார். இந்த முறை கட்டுரைக்குக் கீழேயே கால் பக்கத்துக்குச் சத்து மாத்திரை விளம்பரம். தற்செயலாகத்தான் இருக்கும், நம்புகிறேன்.

நான் கேட்பது இரண்டே வரி. 'ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஈ மாத்திரை எடுக்க வேண்டாம்' என்று, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். இடமில்லை என்றால் மாத்திரை விளம்பரத்தில் ஓரங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்,
மன்னார்குடி