நடுவர் அவர்களே, தீர்ப்பு இன்னும் வேகவில்லை

பட்டிமன்றம் நடத்திய நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டவன் நான். 'பூர்வகுடி மக்களின் கட்சி சமூகக் கொள்கையில் இடதுசாரியாக இருக்குமா, இருக்காதா?' என்பது தலைப்பு. "ஒடுக்கப்பட்டவன் வேறு எந்தப் பக்கம் நிற்பான்?" என்று கேட்டு, இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார் நடுவர். கைதட்டல் ஓய்வதற்குள் வடை வந்துவிட்டது. வடை நன்றாக வெந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை மணி நேரத்தில் இரு அணியிலும் ஒருவராவது ஒரு பூர்வகுடிக் கட்சியின் பெயரைச் சொன்னாரா? என் வருத்தமே அதுதான்.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையும் கடலடி நிலமும் அரசுக்கா, அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளுக்கா சொந்தம் என்ற வழக்கு 2004இல் பெரும் சண்டையாக வெடித்தது. அவற்றை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது இடதுசாரித் தொழிற்கட்சி அரசு. அதை எதிர்த்துத் தொழிற்கட்சியை விட்டு வெளியேறிய தாரியானா துரியா மாவோரி கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சி 2008இல் கைகோத்தது யாரோடு? வலதுசாரி தேசியக் கட்சியோடு! அந்த உறவு 2017 வரை நீடித்தது. இடையில் 2013இல் ஒரே பாலினத் திருமணச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மாவோரி கட்சியின் மூன்று உறுப்பினர்களும் ஆதரித்தே வாக்களித்தார்கள். இன்று அதே கட்சியைத் தொழிற்கட்சிக்கும் இடப்பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நடுவர் இதை எந்த அணியின் கணக்கில் எழுதுவார்?

பழமைவாதம் என்றால் முன்னோர் வழக்கம் என்று எதிரணித் தோழர் ஒருவர் அடித்துச் சொன்னார். மாவோரி மொழியில் 'தகாதாபுயி' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தன் பாலினத்தைச் சேர்ந்த நெருங்கிய துணை என்று பொருள். இந்த உறவுகள் மீதான வெறுப்பு மிஷனரிகளோடு கப்பலில் வந்தது என்று வாதிடும் மாவோரிகள் இருக்கிறார்கள். எது மரபு, எது இறக்குமதி என்பதே அங்கு வழக்கு.

பொலிவியா உங்கள் தீர்ப்புக்கு நேர் எதிரான சங்கடம். அந்நாட்டின் அதிபராக இருந்த ஈவோ மொராலெஸ் அய்மாரா என்ற பூர்வகுடி இனத்தவர். அவருடைய கட்சியின் பெயரிலேயே சோசலிசம் இருக்கிறது. அவர் ஆட்சியில் 2009இல் வந்த அரசியல் சட்டம் 36 பூர்வகுடி மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் செய்துகொள்வது என்கிறது. ஆனால் 2016இல் பாலின அடையாளத்தை ஆவணங்களில் மாற்றிக்கொள்ளவும் அவரது ஆட்சியே வழிசெய்தது. இனுயிட் பூர்வகுடிகள் பெரும்பான்மையாக வாழும் கிரீன்லாந்து இன்னொரு மாதிரி: ஒரே பாலினத் திருமணத்துக்கு 2015இல் அதன் நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பு, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல பூர்வகுடிகளுக்கு 'குரல்' என்ற ஓர் அமைப்பு வேண்டுமா என்று கேட்டது. ஜசிந்தா பிரைஸ், லிடியா தோர்ப் என்ற இரண்டு பூர்வகுடி செனட்டர்களும் 'வேண்டாம்' என்றார்கள். இது மக்களை இனத்தால் பிரிக்கிறது என்றார் முதலாமவர். இது போதாது, எங்கள் இறையாண்மைக்கு ஒப்பந்தம் வேண்டும் என்றார் இரண்டாமவர்.

கப்பல் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் மலேசியாவின் சரவாக் மாநிலத்து இபான் என்ற பூர்வகுடி இனத்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் தலைப்பை அவரிடமே கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பொட்டலத் தாளின் ஓரத்தில் பேனாவால் ஓர் ஆறு வரைந்தார். கரையில் நீண்ட வீடு, அதன் பின்னால் மிளகுத் தோட்டம். பிறகு செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஓர் அழுத்தமான கோடு. "இந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்று சரியாகச் சொல்கிறவனுக்கு என் வாக்கு," என்றார். திருமணம், கருக்கலைப்பு என்று நான் இழுத்ததும் சிரித்தார். "அதற்குப் பாதிரியாரைக் கேள். கூச்சிங்கில் படிக்கும் என் மகளையும் கேள். இரண்டு பதில் கிடைக்கும்."

இப்படிப்பட்ட கட்சிகள் பிறப்பது அந்தக் கோட்டில்தான் என்பது என் எண்ணம். மற்ற கேள்விகளில் பாதிரியாரும் மகளும் ஒரே கூரையின்கீழ் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்தந்தத் தேர்தலில் யார் கை ஓங்குகிறதோ அதுவே கட்சியின் கொள்கை ஆகிறது.

இன்னொன்று. நம் அரசியல் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களைச் சிங்கப்பூரின் பூர்வகுடிகள் என்று சொல்கிறது. நாம் பேசியது ஏதோ தொலைதேசத்து மக்களைப் பற்றி மட்டும் அல்ல. தமிழன் என்றால் இன்ன கொள்கைதான் வைத்திருப்பான் என்று இன்னொரு மேடை தீர்ப்புச் சொல்லியிருந்தால், நாம் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போமா?

தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. பட்டிமன்றத்தில் அந்த வழக்கம் இல்லை. அடுத்த முறை இதே தலைப்பைத் தொட்டால் என் நண்பரை மேடைக்கு அழையுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில் பேசுவார். மொழிபெயர்க்க நான் வருகிறேன். ஜூன் 1 கவாய் அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவார். தேதியை அதற்கு முன்பாகப் பார்த்துக் குறியுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசைக்காரன்