உறைந்த கடலை எண்ணெய் பற்றியும் புது விலை பற்றியும்: கோரிமேடு செக்குக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சேலம் கோரிமேட்டில் ஏற்காடு ரோட்டை ஒட்டியிருக்கும் நம் கடையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்களும், கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கமிருந்து மாதம் தவறாமல் வருகிறவர்களும் நீங்கள்தான். 2025-ஆம் வருஷ ஆடி பிறந்துவிட்டது, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எப்படியும் நல்லெண்ணெய் வாங்க வருவீர்கள், விலை விஷயத்தை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு ஃபோட்டோவும் ஒரு குரல் பதிவும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. உங்களில் பலர் அக்கறையோடு எனக்கே அனுப்பி, "என்னக்கா இது?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஃபோட்டோவில் இருப்பது நம் கடை ஸ்டிக்கர் ஒட்டிய கடலை எண்ணெய் பாட்டில். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருக்கிறார்கள். மேலே மங்கலாகவும் கீழே கெட்டியாகவும் இருக்கிறது. கூட வரும் பேச்சு இது: "பாமாயில் கலந்திருக்காங்க. சுத்தமான எண்ணெய் உறையாது. பேங்க் வேலையை விட்டுட்டு வந்து கடை போட்டவங்க, சும்மாவா வருவாங்க? மானியத்தையும் வாங்கிக்கிட்டு, விலையையும் ஏத்திக்கிட்டு..." பேசியவர் யாரென்று தேட வேண்டாம். அவரும் நம் கடைக்கு வந்து போகிறவர்தான். கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது.

முதலில் எண்ணெய். நல்ல கடலை எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தால் உறையத்தான் செய்யும். நிலக்கடலையில் அராக்கிடிக், பெஹனிக், லிக்னோசெரிக் என்று சில நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் கொஞ்சம் போல இருக்கின்றன. குளிர் பட்டால் அவைதான் முதலில் கெட்டிப்படும். அதனால் நாலைந்து டிகிரி குளிரில் எண்ணெய் கலங்கி, அடியில் கட்டியாக இறங்கும். வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய்க்கு அவ்வளவு குளிர்கூட வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். ஏற்காட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள், மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. பாக்கெட்டில் வரும் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் ஃப்ரிட்ஜில் தெளிவாக நிற்கிறதே என்றால், ஆலையிலேயே அதைக் குளிரவைத்து, கட்டிப்படும் மெழுகை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆக, ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பதால் அது என்ன வகை எண்ணெய் என்பது ஓரளவு தெரியும். கலப்படமா இல்லையா என்பது தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலை எண்ணெய்க்கு அரசு ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளில் ஒன்று, அது எப்போது கலங்குகிறது என்று பார்ப்பதுதான். பெல்லியர் சோதனை என்பார்கள். எண்ணெயைச் சோப்பாக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து மெல்ல ஆறவிடுவார்கள். எத்தனை டிகிரியில் கலங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கடலை எண்ணெய் என்றால் 39-லிருந்து 41 டிகிரிக்குள் கலங்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியில் இருக்கிறது. எந்தக் குணத்தை வைத்து நம் எண்ணெயைக் கலப்படம் என்கிறார்களோ, அதே குணத்தை வைத்துத்தான் ஆய்வகம் அது கடலை எண்ணெய் என்று உறுதி செய்கிறது. அதோடு அயோடின் மதிப்பும் பார்ப்பார்கள், எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண் அது. கடலை எண்ணெய்க்கு அது 85-லிருந்து 99-க்குள் இருக்க வேண்டும். பாமாயிலுக்கு 50, 60 அளவில்தான் இருக்கும். கணிசமாகக் கலந்தால் அந்த எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. நம் உடையாப்பட்டியிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-வது பிரிவு என்று ஒன்று உண்டு. வாங்குகிற யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பொருளைச் சோதித்துக்கொள்ளலாம். குறை இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடையில் சொல்லிவிட வேண்டும். தாராளமாகச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் ஆட்டிய எண்ணெய் வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள், எடுத்துத் தருகிறோம். குறை இல்லை என்று வந்தால் அந்தக் கட்டணத்தை நான் தருகிறேன். குரல் பதிவு போட்டவருக்கும் இதே வார்த்தைதான்.

சரி, இனி என்னைச் சுட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

"வேலையை விட்டுட்டு வந்தவங்க சும்மாவா வருவாங்க" என்ற அந்த வரியை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அரசுடைமை வங்கி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதிகாரியாக இருந்தேன். அதில் பெரும்பகுதி சிறுதொழில் கடன் பிரிவில்தான். லீ பஜார் மளிகை மண்டி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி என்று சேலத்தில் என்னென்ன தொழில் உண்டோ அத்தனைக்கும் ஃபைல் என் மேஜைக்கு வரும். யார் எதில் எவ்வளவு லாபம் பார்க்கிறார்கள் என்று ஓரளவு தெரியும். லாபம்தான் குறி என்றால் மரச்செக்கைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டேன். நூறு கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால், எக்ஸ்பெல்லர் என்கிற இரும்புத் திருகு மெஷினில் கிடைப்பதைவிட மரச்செக்கில் குறைவாகத்தான் எண்ணெய் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டே கால் கிலோ பருப்பு வரை பிடிக்கும். ஒரு ஈடு ஆட்டி முடிக்கும் நேரத்தில் எக்ஸ்பெல்லர் வைத்திருப்பவர் பல மடங்கு ஆட்டி முடித்துவிடுவார்.

வேலையை ஏன் விட்டேன் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வு வந்தால் மாற்றலும் கூடவே வரும். அடுத்தது வேறு மாநிலம் என்றானது. மாமியாருக்கு உடம்பு முடியாத நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அது ஒரு காரணம். அடுத்தவர் போட்ட திட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன். என் கையால் ஒரு பொருளைச் செய்து, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை வெகு காலமாக உண்டு. அது இன்னொரு காரணம், எனக்குப் பெரிய காரணமும் அதுதான். வங்கியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள் என்றும் சிலர் பேசுவது காதில் விழுகிறது. அப்படி இல்லை. நானே ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் காலம் முடியும்வரை வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வரும்போது விட்டது சம்பளம் மட்டும் இல்லை. வங்கி ஊழியருக்கு வீட்டுக் கடன் சலுகை வட்டியில் கிடைக்கும். ராஜினாமா செய்தால் மீதிக் கடன் பொதுமக்களுக்கான வட்டிக்கு மாறிவிடும், தவணையும் ஏறிவிடும். குடும்பத்துக்கான மருத்துவச் செலவுப் பாதுகாப்பும் போய்விடும். மாதக் கடைசியில் கணக்கில் சம்பளம் விழும் வாழ்க்கையிலிருந்து, ஒன்றாம் தேதி மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். இன்றுவரை என் பழைய சம்பளத்தை இந்தக் கடையிலிருந்து நான் எடுத்ததில்லை. இதைச் சொல்லி இரக்கம் கேட்கவில்லை. தெரிந்தே வந்தேன், பிடித்துத்தான் செய்கிறேன்.

மானியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வேறு யாராவது தொழில் தொடங்கத் தயங்கக் கூடாது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில்தான் நாம் கடன் வாங்கினோம். திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். நம் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மீதி வங்கிக் கடன். மானியத்தை யாரும் கையில் கொடுப்பதில்லை. அது வங்கியிலேயே தனியாகக் கிடக்கும். மூன்று வருஷம் தொழிலும் நடந்து, கடனும் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தால்தான் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். நமக்கு அந்த மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை. ஆக மானியத்தில் ஒரு பைசாவைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை, தவணையை மட்டும் மாதா மாதம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் கடைக்கு வாருங்கள். எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். பழைய வேலையில் கற்றது அதற்காவது உதவட்டும்.

விலைக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் ஏன் இப்படி ஏறுகிறது என்பது உங்களுக்கும் தெரியாமல் இல்லை, தேங்காய் வாங்கும்போதே பார்க்கிறீர்கள். வறட்சி ஒரு பக்கம், தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ ஒரு பக்கம், வாடல் நோய் இன்னொரு பக்கம். காய்ப்பு குறைந்துவிட்டது. 2025-க்கு அரசு அறிவித்த அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், கிலோவுக்கு 116 ரூபாய்கூட இல்லை. ஆனால் இந்த 2025 ஆடியில் சந்தையில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ கொப்பரை வேண்டும். கொப்பரைக்கே 300 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. புண்ணாக்கு விற்ற காசு வரும், இல்லையென்று சொல்லவில்லை. அது கரண்டுக்கும் பாட்டிலுக்கும் சரியாகப் போகிறது.

"எண்ணெய் வரியைத்தான் மே மாதக் கடைசியில் குறைத்துவிட்டார்களே" என்று ஒரு சார் கேட்டார். நியாயமான கேள்விதான். குறைத்தது இறக்குமதியாகும் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு. அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமானது. நாம் வாங்கும் கொப்பரைக்கும் கடலைக்கும் எள்ளுக்கும் அதனால் எதுவும் குறையவில்லை. இந்த நிலைமையில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 420-லிருந்து 480 ஆகிறது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பழைய விலையிலேயே இருக்கும், தீபாவளி வரைக்குமாவது அப்படியே வைத்திருக்கப் பார்க்கிறேன்.

செக்கு ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஊருக்கே போய்விட்டார். அவர் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எள்ளு ஆட்டும்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாகை உலக்கை சுற்றச் சுற்ற எள்ளு மாவாகி ஈரம் கண்டதும், ஒரு பிடியை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். விரல் தடம் அப்படியே நின்றால்தான் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். போட்ட கொஞ்ச நேரத்தில் புண்ணாக்கு ஓரமாகப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் கருஞ்சிவப்பாக மேலே எழும்பும். எந்த மீட்டரும் அதைச் சொல்லாது. அவரிடம் கற்றுக்கொண்ட தம்பி இப்போது ஓட்டுகிறார், நானும் கூடவே நிற்கிறேன். கொஞ்ச நாளைக்கு எண்ணெய் தயாராவது ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். தெளியவைக்காமல் பாட்டிலில் ஊற்ற மாட்டோம், அதனால்தான். நீங்கள் கொண்டுவரும் கொப்பரை, எள்ளைக் கூலிக்கு ஆட்டித் தருவதும் ஆவணி முதல் இல்லை.

ரோட்டைப் பார்த்துச் செக்கை வைத்து, முன்னால் கண்ணாடித் தடுப்பு மட்டும் போட்டிருப்பதே நீங்கள் நின்று பார்க்கத்தான். மூட்டை பிரிக்கும்போதும் பார்க்கலாம், வடிகட்டும்போதும் பார்க்கலாம். உள்ளே ஒரு டின் பாமாயில் வந்தால் அது உங்கள் கண்ணில் படாமல் போக வழியே இல்லை.

குரல் பதிவு வந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல வந்து, ஒன்றும் கேட்காமல் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிப்போன கன்னங்குறிச்சி டீச்சரம்மாவுக்கு நன்றி. தன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நமக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதிய தம்பிக்கு நன்றி. கடை திறந்த புதிதில் வியாபாரமே இல்லாதபோது, தனக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று வாங்கி, சேலம் முழுக்க நம்மைக் கொண்டுசேர்த்த அம்மாக்களை நான் மறக்கவே மாட்டேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து கொடுக்கும் எஸ்டேட் குடும்பங்களுக்கும் நன்றி. நீங்கள் எல்லாரும் இருக்கிற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புது விலை வரும் திங்கட்கிழமை முதல். அதற்கு முன்பே ஃபோனில் சொல்லி வைத்தவர்களுக்குப் பழைய விலைதான். ஆடிப் பண்டிகை விடுமுறையன்று மதியம்வரை மட்டும் கடை இருக்கும், விளக்குக்கு நல்லெண்ணெய் வேண்டியவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் செக்குக்கடை அக்கா
கோரிமேடு, சேலம்