மழையில் ஓடிய கோ-கார்ட் பந்தயம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை நடந்த கோ-கார்ட் (தரையோடு தாழ்ந்து, ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் சின்ன நான்கு சக்கர வண்டி) பந்தயத்தில் நம் பள்ளி அணி மழையில் வண்டி ஓட்டியதைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் போனில் பேசினீர்கள். சிலர் பாராட்டினீர்கள். சிலர் கோபப்பட்டீர்கள். "என்ன டீச்சர், பிள்ளைகள இப்படி மழையில எறக்கி விட்டிருக்கீங்க?" என்று ஒரு அம்மா கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு வண்டி இரண்டு சுற்று சுழன்று டயர் அடுக்கில் இடித்து நிற்கிற வீடியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வந்துகொண்டிருக்கிறது. அது நம் பள்ளி அணியின் வண்டிதான். ஓட்டியது நம் பிளஸ் ஒன் மாணவி. அவள் நன்றாக இருக்கிறாள். அன்று மாலையே மருத்துவரிடம் காட்டினோம். விலாவில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முதல் மணிக்கே வகுப்பில் இருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பந்தயம் முடியும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதத்தில் மழை என்ற சொல்லே இல்லை. பிள்ளைகளை ஈரத் தரையில் ஓட்டிப் பழக்கினோம், கையுறையிலிருந்து மாற்றுத்துணி வரை எடுத்து வைத்தோம், ஆனால் மழை வந்தாலும் பந்தயம் நடக்கும் என்று உங்களிடம் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் மேற்கு மலை கறுத்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் எழுதாமல் விட்டது நான்தான். அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இந்தப் பந்தயம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நம் முன்னாள் மாணவர்கள் சிலர் நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆட்டோமொபைல் படிக்கிறார்கள். அவர்கள் வளாகத்தில் நிதி திரட்டுவதற்காக நடத்திய பந்தயம் இது. மொத்தம் 9 அணிகள், அணிக்கு ஐந்து பேர், இரண்டு மணி நேரம், வண்டி ஒன்றே. ஆள் மட்டும் மாறி மாறி ஏற வேண்டும். நிதியை எதற்குக் கொடுக்கலாம் என்று நம் பிள்ளைகளிடமே கேட்டேன். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது அவர்கள் சின்னப் பிள்ளைகள். ஆனாலும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் அந்த நாளைப் பேசாத வீடு இல்லை. வள்ளத்தில் போகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். வேறு யோசனையே வரவில்லை.

பணம் சேர்த்த விதமும் அவர்கள் கண்டுபிடித்ததுதான். ஒரு சுற்றுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை போய்ப் பெயர் எழுதி வாங்கினார்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று சேர்ந்து ஒரு சுற்றுக்கு 412 ரூபாய் வந்தது. காய்ந்த தரையில் ஒரு சுற்றுக்கு 48 விநாடி ஆகும். எப்படியும் 140 சுற்று ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

எனக்கு அன்று இருந்த பயமே அந்தக் கணக்கில்தான். மழை வந்தால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் பணம் குறையும். ஒரு நல்ல காரியத்துக்காக என்று நினைக்கும்போது பிள்ளைகள் தங்களை மறந்து வேகம் எடுப்பார்கள்.

அதனால் இரண்டு வாரம் முன்பே ஒரு நிபந்தனை போட்டேன். ஈரத் தரையில் ஓட்டிப் பழகாத யாரும் மழையில் ஏறக் கூடாது. ஒரு மாணவன் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர் அயர்டன் சென்னாவைக் காட்டி வாதாடினான். 1993-இல் இங்கிலாந்தின் டோனிங்டன் பந்தயத் தளத்தில் மழையில் முதல் சுற்றிலேயே ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தாரே டீச்சர் என்றான். வந்தார், சரி. அவர் சிறுவனாக கார்ட் ஓட்டிய காலத்தில் மழை பெய்தபோதெல்லாம் வண்டியை வெளியே எடுத்துப் பழகியவர் என்பதையும் சேர்த்துப் படி என்று சொன்னேன். பிறகு தண்ணீர் லாரி ஒன்றைக் கொண்டுவந்து தளத்தை நனைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம்.

இந்த வண்டியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்தால் அந்த வீடியோ வேறு மாதிரி தெரியும். எங்கள் இயற்பியல் ஆசிரியர் பிள்ளைகளுக்கு விளக்கியதைத்தான் எழுதுகிறேன். 1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை வைத்துச் செய்ததுதான் முதல் கார்ட். இன்றைக்கும் வாடகைக் கார்ட்டுகளில் இருப்பது தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டில் இருக்கிற வகைச் சின்ன எஞ்சின்தான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஒன்றும் கிடையாது. பிரேக் பின்பக்கம் மட்டும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டியிருக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும். காரில் அதற்கு, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் இருக்கிறது. கார்ட்டில் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டுத் தூக்கும், அதனால்தான் கார்ட் வளையவே செய்கிறது. மழையில் பிடிமானம் குறைவதால் அந்தச் சக்கரம் சரியாகத் தூக்காது. நாம் திருப்புவோம், வண்டி நேரே போகும்.

இன்னொன்று, காய்ந்த தளத்தில் எல்லோரும் ஓட்டுகிற பாதையில் டயர் தேய்ந்து ரப்பர் படிந்திருக்கும். வெயிலில் அதுதான் நல்ல பிடிமானம். மழையில் அதுவே வழுக்கும். நம் ஊரில் ரப்பர் ஷீட் காயப்போடும் இடத்தில் தண்ணீர் கிடந்தால் எப்படிக் காலை வைப்போமோ அப்படி. ஆகவே மழையில் வளைவை அந்தக் கறுத்த பாதைக்கு வெளியே சுற்றி எடுக்க வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும்.

சார் கரும்பலகையில் போட்ட கணக்கு ஒன்றையும் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். உராய்வுக் குணகம், அதாவது தரை டயரை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு, காய்ந்த தார்த் தரையில் 0.7 என்று வைத்துக்கொண்டால் வண்டி நிற்க 9 மீட்டர் வேண்டும். ஈரத்தில் 0.4 என்றால் கிட்டத்தட்ட 16 மீட்டர். பிரேக்கில் கால் வைத்த பிறகு உள்ள தூரம் மட்டும்தான் இது, யோசிக்கிற நேரம் சேர்க்கவில்லை. வகுப்பறையின் நீளம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகள் எழுந்து போய்க் கதவைத் தாண்டி வராந்தாவில் 16 மீட்டரை அளந்து பார்த்தார்கள்.

பந்தயம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. முதல் 25 நிமிடம் வெயில். நாம் ஏழாவது இடத்தில் இருந்தோம். பிறகு தூறல், ஐந்தே நிமிடத்தில் கொட்டு மழை. நம் மாணவி ஏறியது அப்போதுதான். ஏறும் முன் சார் அவளுடைய ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்த்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். மூச்சு பட்டு ஆவி படியாமல் இருக்க அது நல்ல வழி. சடையைச் சுருட்டித் தலையுறைக்குள் செருகியிருக்கிறாளா என்று நான் விரல் விட்டுப் பார்த்தேன். தொங்குகிற முடியும் துப்பட்டாவும் பின்தண்டில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த ஒரு விஷயத்தை நான் யாரிடமும் விட்டுவைக்கவில்லை. கழுத்துக் காப்பும் விலாக் காப்பும் போட்டிருந்தாள். சீட் பெல்ட் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். தலைக்கு மேல் கம்பிக்கூடு இல்லாத வண்டி இது. கவிழ்ந்தால் ஆள் வண்டியோடு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் கார்ட்டில் பெல்ட் வைப்பதில்லை.

மூன்றாவது வளைவில், ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போதே பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றது. வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மஞ்சள் கொடி உடனே எழுந்தது. பின்னால் வந்த எல்லா வண்டியும் வேகம் குறைத்தது, யாரும் யாரையும் முந்தவில்லை. அவள் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி வண்டியை விட்டு இறங்காமல் ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். ஆட்கள் வந்து வண்டியைத் திருப்பி விட்டார்கள். அந்தச் சுற்றோடு உள்ளே வந்து, அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டாள். கையுறையைக் கழற்றியபோது அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது, விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அழவில்லை. அடுத்து ஏறுகிறவனிடம், "மூணாவது வளைவுல தண்ணி கெட்டி நிக்கி, வெளிய போய் சுத்து" என்று மட்டும் சொன்னாள்.

அவன்தான் அன்று எங்கள் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தினான். காய்ந்த தரையில் ஐந்து பேரில் அவன்தான் மெதுவு, சுற்றுக்கு இரண்டு விநாடி கூடுதல் எடுப்பான். மழையில் மற்ற அணிகள் 62, 63 விநாடி எடுத்துக்கொண்டிருக்க, அவன் 59 விநாடியில் வந்துகொண்டே இருந்தான். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. எப்படி என்று பிறகு கேட்டேன். வீட்டில் இரண்டு பசு. விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவன் அவன். மழைக் காலத்தில் மண்பாதையில் பால் தளும்பாமல் போக வேண்டும். "அதே மாதிரி நெனச்சு ஓட்டினேன் டீச்சர், பின்னால பால் இருக்குன்னு" என்றான். வளைவுக்கு முன் மெல்லக் குறைப்பது, மெல்லத் திருப்புவது, மெல்ல வேகம் எடுப்பது என்று நாங்கள் இரண்டு நாள் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தது அவன் கையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடி கேட்டது. நான் நடத்துபவர்களிடம் போய் நிறுத்தச் சொன்னேன். நான் கேட்கும் முன்பே அவர்கள் சிவப்புக் கொடியைக் கையில் எடுத்திருந்தார்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை எல்லோரும் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தைப் பந்தயத்தில் கூட்டிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

கடைசியில் 91 சுற்று. நான்காவது இடம். 91 சுற்றுக்கு 37,492 ரூபாய். ஆனால் பணம் வாங்கப் போனபோது பலர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பள்ளி முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "மழைக்கு நான் காசு கொறைப்பேனா?" என்று 140 சுற்றுக்கும் எண்ணிக் கொடுத்தார். இப்படிச் சேர்ந்து மொத்தம் 43,750 ரூபாய் ஆகியிருக்கிறது. ஜாக்கெட் ஒன்று 1,250 ரூபாய் என்று விலை பேசியிருக்கிறோம். 35 ஜாக்கெட் வரும். பெயர்வாரிக் கணக்கு அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

இனி, எனக்கு இதைவிட முக்கியமான ஒரு விஷயம். "பந்தயத்தில் ஓட்ட விட்ட நீங்களே பைக் கொண்டு வரக் கூடாது என்கிறீர்களே" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். தளத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். எதிரே யாரும் வரமாட்டார்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்பார்கள். நம் சாலைகளில் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி எதிரே வரும், மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு கலந்து தார் முழுவதும் வழுக்கும். ஹெல்மெட் இல்லாமல், மூன்று பேராக, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று போகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். பள்ளிக்குள் வண்டியை விட முடியாது என்பதால் பக்கத்துக் கடைகளில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள் என்பதும் தெரியும்.

18 வயதுக்குள் ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அந்த 16 மீட்டர் எனக்குத் தூக்கத்திலும் வருகிறது. தயவுசெய்து சாவியைக் கொடுக்காதீர்கள். பேருந்து நேரம் ஒத்துவராத ஊர் எது என்று எழுதிக் கொடுங்கள், போக்குவரத்துக் கழகக் கிளைக்கு நானே நேரில் போய்க் கேட்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட்டுகளைக் கடற்கரையில் கொடுக்கிறோம். ஐந்து ஓட்டுநர்களும் பணம் சேர்த்த பிள்ளைகளும் வருகிறார்கள். பள்ளிப் பேருந்து காலை 7 மணிக்குக் கிளம்பி மத்தியானம் 1 மணிக்குத் திரும்பும். பெற்றோரும் வரலாம், இடம் இருக்கிறது. சம்மதக் கடிதம் இதோடு இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதில் மூன்றாவது வரியைக் கவனித்துப் படியுங்கள்: மழை பெய்தால் குடையோடு போவோம், இடி இருந்தால் போகமாட்டோம். எதுவானாலும் அன்று காலை 6 மணிக்கு உங்கள் போனுக்குச் செய்தி வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்