கடலை ஏன் விலைபோவதில்லை?

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. மீறல் நடந்தால் அதிபரைக் குறை சொல்கிறோம். ஆனால் கோளாறு, சிற்றுண்டிச்சாலையை நடத்த ஆள் எடுக்கும் கேள்விப்பத்திரத்திலேயே (ரெண்டர்) தொடங்கிவிடுகிறது. கூடிய வாடகை தருபவருக்கே இடம் என்றால், அவர் போட்ட காசை றோல்ஸிலும் பற்றிஸிலும் இனிப்புப் பானத்திலும்தான் எடுப்பார். வாடகைக்கு உச்சவரம்பு வைத்து, உணவுப் பட்டியலுக்குப் புள்ளியிட்டு ஆளைத் தெரிவு செய்வதே முறை.

பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியை மட்டும் நம்பவும் முடியாது. பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 10.5 கிராம் என்றால் செம்மஞ்சள். 200 மில்லிலீற்றர் குடித்தால் 21 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. அங்கேயே பொரிக்கும் றோல்ஸுக்கும் ஊற்றும் தேநீருக்கும் குறியே கிடையாது.

இவற்றுக்குப் பதிலாக அவித்த கடலை (கொண்டைக்கடலை) வைத்தால் விலைபோகாது என்பார்கள். பக்குவம் தவறினால் போகாதுதான். இரவில் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் அவிக்க வேண்டும். இல்லையேல் பிள்ளைகளுக்கு வயிறு ஊதும், மறுநாள் வாங்கமாட்டார்கள். தேங்காய்ச்சொட்டைக் காலையிலேயே கலந்தால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். இடைவேளைக்குச் சற்று முன் கலந்தால் போதும். ஒரு கிலோ கடலை அவிந்து இரண்டு கிலோவுக்கு மேல் வரும். நூறு கிராம் படி இருபது கடதாசிச் சரை. (பத்திரிகைத் தாளில் சரை சுற்ற வேண்டாம். மன்னிக்கவும், ஆசிரியரே.)

சிற்றுண்டிச்சாலையைத் திருத்தினாலும் மதிலுக்கு வெளியே கடை இருக்கிறது, ரியூசனுக்கு முன் அரைமணி நேரமும் இருக்கிறது. கலிபோர்னியா 2005இல் பாடசாலை நொறுக்குத்தீனிக்குச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வசதியான அயல்களில் அதிநிறை குறைந்தது. வறிய அயல்களில் ஏறுவது நின்றதோடு சரி. அமெரிக்காவின் 2017–2020 கணக்கில் 2 முதல் 19 வயதுவரையானோரில் பருமன் வெள்ளையரிடம் 16.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 24.8, ஹிஸ்பானியரிடம் 26.2. இதைப் பிறப்போடு வந்த குறையென்று சொல்லித் தப்ப முடியாது. அயலில் என்ன கடை, வீட்டில் என்ன வருமானம், ஓடியாட இடமுண்டா என்றுதான் கேட்க வேண்டும்.

இங்கும் நகரத்துப் பெரிய பாடசாலையையும் தீவகத்துச் சிறிய பாடசாலையையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒரு பக்கத்துப் பருமனும் மறுபக்கத்து மெலிவும் ஒன்றையொன்று மறைத்துவிடும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உயரமும் நிறையும் ஏற்கெனவே பதியப்படுகின்றன. பிள்ளைகளின் பெயரின்றி, பாடசாலை வாரியாக அவற்றை வெளியிடட்டும்.

உடற்திணிவுச் சுட்டி (கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) பார்க்கும்போது, வளர்ந்தோரின் அதிநிறைக்குரிய 25 என்ற எல்லையைப் பிள்ளைகளுக்குப் பாவிக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி, பத்து வயதுச் சிறுமிக்கு அது 19ஐத் தாண்டினாலே அதிநிறை, 22.6ஐத் தாண்டினால் பருமன், 13.5க்குக் கீழே மெலிவு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சமதரையில் தராசை வைத்து நிறுக்க வேண்டும். தராசு சரியா என்று அறிய, முதலில் 10 கிலோ அரிசிப் பை ஒன்றை அதில் வைத்துப் பார்க்கலாம்.

பாடசாலைப் போசாக்குப் பணியில் உள்ளோர் சிலர்,
யாழ்ப்பாணம்.