படகின் பழைய வண்ணங்கள்

அன்புள்ள மகளுக்கு,

பரோடாவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உருவங்களை விட்டு அருவ ஓவியம் தீட்டத் தொடங்கிய பிறகு வரையத் தக்க எதுவும் கண்ணில் படுவதில்லை என்றும், வெற்றுக் கான்வாஸ் முன் பொழுதைக் கழிப்பதாகவும் நீ எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் படகுக்கு வண்ணம் அடிப்பவன். ஆனாலும் இதில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டில் விசைப்படகுகளைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவள் நீ. மரப்படகில் பழைய பூச்சைச் சுரண்டும்போது, நீலத்துக்கு அடியில் பச்சையும், பச்சைக்கு அடியில் செங்காவியும், அதற்கும் கீழே உப்பேறி வெளுத்த பலகையும் ஒவ்வொன்றாக வெளிப்படும். கயிறு உரசித் தேய்ந்த இடத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றைச் சுற்றி ஒன்றாக, மெல்லிய வளையங்களாகத் தெரியும். ஆணித் தலையிலிருந்து கசிந்த துரு அந்த வளையங்களைக் குறுக்கே வெட்டிக் கீழே இறங்கி, நுனியில் மங்கிய மஞ்சளாக முடியும். அந்த மஞ்சளை நான் எந்த டப்பாவிலும் கண்டதில்லை. கலந்து பார்த்தும் வரவில்லை. படகு என்பதை மறந்துவிட்டு அந்த ஒரு சாண் பலகையை மட்டும் பார்த்தால், நீ தேடுவது அதில் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

நீ சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது, முன்பு அங்கே முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிச் சொல்வாய். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசைக்கு ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகப் பக்கங்கள் தூண்டுதலாக இருந்தன என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. யாரும் புரட்டிவிட்டு மூடிவைக்கும் பக்கங்கள்தாம் அவை.

பரோடாவிலும் சுவரொட்டி கிழிந்த சுவர்களும், மழைநீர் இறங்கிய கறைகளும், வெயிலில் வெளிறிய கடைக் கதவுகளும் இருக்கும். அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதே. நின்று கையால் வரை. எந்த வண்ணம் மேலே, எது அடியில் என்பது வரையும்போதுதான் பிடிபடும்.

தடைக்காலம் தொடங்கும் வாரத்தில் நீ வர முடியுமா என்று எழுது. சுரண்டும் வேலையை நீ வரும்வரை தள்ளிவைக்கப் படகுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா